டைபீரியஸ்

டைபீரியஸ் (கிமு 42 நவம்பர் 16 - கிபி 37 மார்ச் 16) ரோமப் பேரரசின் இரண்டாவது பேரரசர் ஆவார். முதலாவது பேரரசரான அகஸ்டஸின் மனைவி லிவியாவுக்கு, அவரது முதல் மணத்தின் மூலம் பிறந்த மகனே இவர். கிபி 14 முதல் 37 வரை ஏறத்தாழ 23 ஆண்டுகள் ஆட்சி புரிந்தார். அரியணை ஏறுவதற்கு முன்னர் ரோமின் தலைசிறந்த படைத்தலைவர்களுள் ஒருவராக விளங்கினார். ஆட்சியின் பிற்பகுதியை காப்ரி தீவில் தனிமையில் கழித்தார்.

இவரது வாழ்க்கையை அறிய இரு வகையான சான்றுகள் உள்ளன. ஒன்று, டாசிட்டஸ், சுவெட்டோனியஸ் போன்ற வரலாற்றாசிரியர்கள் இவர் இறந்து ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்குப் பின்னர் எழுதிய நூல்கள். இவை இவரை ஐயமும் கொடுமையும் நிறைந்த மன்னராகக் காட்டுகின்றன. மற்றொன்று, இவரது ஆட்சியில் வெளியிடப்பட்ட தெனாரியம் என்னும் வெள்ளி நாணயங்கள். இவை மேற்கு ஐரோப்பா முதல் தமிழ்நாடு வரை கிடைத்துள்ளன. இவ்விரு சான்றுகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாத இரு மனிதர்களைக் காட்டுவதால், டைபீரியஸ் இன்றும் ஆய்வுக்குரியவராக உள்ளார்.

தெனாரியமும் அதன் உருவங்களும்

தெனாரியம் கிமு 211ஆம் ஆண்டளவில், கார்த்தேஜுக்கு எதிரான இரண்டாம் பியூனிக் போரின்போது ரோமில் அறிமுகமானது. தொடக்கத்தில் இது 10 ஆஸ் என்னும் செப்புக் காசுகளுக்குச் சமமாக இருந்தது. பத்து என்னும் பொருள் தரும் இலத்தீன் சொல்லிலிருந்தே இதன் பெயர் பிறந்தது. பின்னர் இதன் மதிப்பு 16 ஆஸ் என மாற்றப்பட்டது. 4 செஸ்டர்ஸ் ஒரு தெனாரியம் எனவும், 25 தெனாரியம் ஓர் அவுரியஸ் என்னும் பொற்காசு எனவும் கணக்கிடப்பட்டன.

குடியரசுக் காலத்து தெனாரியங்களின் முகப்பில் தலைக்கவசம் அணிந்த ரோமா என்னும் பெண் தெய்வத்தின் தலையும், பின்புறத்தில் குதிரை மீதமர்ந்த இரட்டைத் தெய்வங்களும் பொறிக்கப்பட்டன. நாளடைவில், நாணயங்களுக்குப் பொறுப்பான இளம் அலுவலர்கள் தத்தம் குடும்பத்து முன்னோர்களின் உருவங்களைப் பொறிக்கலாயினர். ஆயினும் உயிருடன் இருக்கும் ஒருவரின் முகத்தைப் பொறிப்பதில்லை என்ற மரபு ரோம நாணயசாலையில் நிலவியது. கிமு 44இல் ஜூலியஸ் சீசரின் முகம் பொறிக்கப்பட்டபோது அம்மரபு முடிவுக்கு வந்தது. டைபீரியஸ் பிறந்தது அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின்னராகும். ஆள்பவரின் முகமே நாணயத்தின் அடையாளம் என்றாகிவிட்ட முதல் தலைமுறையைச் சேர்ந்தவர் இவர் எனலாம்.

பிறப்பும் இளமையும்

டைபீரியஸ் ரோம் நகரில் பழமை வாய்ந்த குளோடியஸ் குலத்தில் பிறந்தார். தந்தையின் பெயரும் டைபீரியஸ் குளோடியஸ் நீரோ என்பதே. உள்நாட்டுப் போரில் தந்தை, பின்னாளில் அகஸ்டஸ் எனப் பெயர் பெற்ற ஒக்டேவியனுக்கு எதிரான பக்கத்தில் நின்றார். இதனால் குடும்பம் கைக்குழந்தையுடன் சிசிலிக்கும் பின்னர் கிரேக்க நாட்டுக்கும் தப்பியோட நேர்ந்தது. பொது மன்னிப்பு அளிக்கப்பட்ட பின்னர் கிமு 39இல் அவர்கள் ரோமுக்குத் திரும்பினர்.

கிமு 38இல் ஒக்டேவியன் லிவியாவை மணந்தார். அப்போது லிவியா தம் முதற் கணவரின் இரண்டாவது குழந்தையைக் கருவுற்றிருந்தார். அக்குழந்தையே டைபீரியஸின் தம்பி துரூசஸ். கிமு 33இல் தந்தை இறந்தபோது ஒன்பது வயதுச் சிறுவனான டைபீரியஸ் இரங்கலுரை நிகழ்த்தினார். அதன் பின்னர் தந்தையின் பகைவராக இருந்தவரின் இல்லத்திலேயே வளர்ந்தார். கிமு 29இல் ஒக்டேவியனின் வெற்றி ஊர்வலத்தில், தேரின் இடப்பக்கக் குதிரையில் டைபீரியஸும் வலப்பக்கக் குதிரையில் ஒக்டேவியனின் சகோதரி மகன் மார்செல்லசும் அமர்ந்து சென்றனர். அகஸ்டஸின் குடும்பத்தில் டைபீரியஸுக்கு இருந்த இரண்டாம் இடத்தை இது உணர்த்துவதாகக் கொள்ளலாம்.

படைத்தலைவர்

கிமு 53இல் பார்த்தியரிடம் தோற்ற ரோமப் படை தன் கொடிகளைப் பறிகொடுத்திருந்தது. கிமு 20இல் அகஸ்டஸ் பேச்சுவார்த்தை மூலம் அவற்றைத் திரும்பப் பெற்றார். அதே வேளையில் டைபீரியஸ் படையுடன் ஆர்மீனியா சென்று, ரோமுக்கு வேண்டியவரான டிக்ரானஸை அரியணையில் அமர்த்தினார். இதனைத் தொடர்ந்து வெளியான தெனாரியங்களில், மண்டியிட்டுக் கொடியை நீட்டும் பார்த்தியன் ஒருவனின் உருவம் காணப்படுகிறது. போரில் அன்றிப் பேச்சினால் கிடைத்த ஒன்று, நாணயத்தில் பணிந்த பகைவனாக மாறியது. அந்நாணயங்களில் டைபீரியஸின் பெயர் இல்லை.

கிமு 15இல் டைபீரியஸும் துரூசசும் ஆல்ப்ஸ் மலைப்பகுதி மக்களை வென்றனர். அக்காலத்தில் லுக்டூனம் (இன்றைய பிரான்சின் லியோன் நகரம்) நாணயசாலையில் வெளியான அகஸ்டஸின் நாணயங்களில், மேடை மீது அமர்ந்துள்ள பேரரசருக்குப் படையுடை தரித்த ஒருவரோ இருவரோ கிளைகளை அளிக்கும் காட்சி உள்ளது. அவ்விருவர் டைபீரியஸும் துரூசசுமே எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. இங்கும் அவர்களின் பெயர்கள் பொறிக்கப்படவில்லை.

கிமு 12 முதல் 9 வரை டைபீரியஸ் பன்னோனியாவில் போரிட்டார். கிமு 9இல் ஜெர்மானியாவில் துரூசஸ் குதிரையிலிருந்து விழுந்து மரணப்படுக்கையில் கிடந்தார். டைபீரியஸ் இரவு பகலாகப் பயணம் செய்து தம்பியிடம் சென்று சேர்ந்தார். பின்னர் அவரது உடலுடன் ரோம் வரையிலும் நடந்தே வந்தார். இவரது வாழ்வில் எல்லா ஆசிரியர்களும் ஐயமின்றிப் போற்றும் நிகழ்ச்சி இதுவாகும்.

மணமுறிவும் ரோட்ஸ் தீவும்

டைபீரியஸின் முதல் மனைவி, அகஸ்டஸின் நண்பரும் தளபதியுமான அக்ரிப்பாவின் மகள் விப்சானியா ஆவார். இவர்களுக்கு இளைய துரூசஸ் என்னும் மகன் பிறந்தான். கிமு 12இல் அக்ரிப்பா இறந்ததும், அவரது விதவையும் தம் ஒரே மகளுமான ஜூலியாவை டைபீரியஸ் மணக்க வேண்டும் என அகஸ்டஸ் பணித்தார். கிமு 11இல் டைபீரியஸ் தாம் விரும்பிய மனைவியை மணவிலக்குச் செய்ய நேர்ந்தது. பின்னொரு நாள் விப்சானியாவை வழியில் கண்டு கண்ணீருடன் பின்தொடர்ந்தார் எனவும், அதன் பின்னர் இருவரும் சந்திக்காதபடி பார்த்துக்கொள்ளப்பட்டது எனவும் சுவெட்டோனியஸ் எழுதியுள்ளார்.

ஜூலியாவுடனான மணம் நிலைக்கவில்லை. கிமு 6இல் உயர் அதிகாரங்கள் வழங்கப்பட்ட வேளையில், டைபீரியஸ் திடீரென அரசியலிலிருந்து விலகி ரோட்ஸ் தீவுக்குச் சென்றார். அகஸ்டஸ் தம் மகளின் புதல்வர்களான கையஸ், லூசியஸ் ஆகிய இருவரையும் மகன்களாகத் தத்தெடுத்து வாரிசுகளாக வளர்த்து வந்ததே இதற்கு முக்கிய காரணம் எனப் பலர் கருதுவர். தாமே விரும்பிச் சென்ற இடத்திலிருந்து திரும்ப விரும்பியபோது அகஸ்டஸ் அனுமதி மறுத்தார். கிமு 2இல் ஜூலியா ஒழுக்கக்கேட்டுக் குற்றச்சாட்டின் பேரில் நாடு கடத்தப்பட்டார்.

அகஸ்டஸின் தெனாரியங்களில் மிகுதியாகக் கிடைக்கும் வகை கிமு 2 முதல் லுக்டூனத்தில் வெளியிடப்பட்டதாகும். அதன் பின்புறத்தில் கையசும் லூசியசும் கேடயங்களுடனும் ஈட்டிகளுடனும் நிற்கின்றனர். பேரரசெங்கும் வீரர்களின் கைகளில் இவ்விரு இளைஞர்களின் உருவம் புழங்கிய அவ்வாண்டுகளில், பல போர்களை வென்ற டைபீரியஸ் பதவியற்றவராகத் தீவொன்றில் வாழ்ந்தார். கிபி 2இல்தான் ரோமுக்குத் திரும்ப அவருக்கு அனுமதி கிடைத்தது.

வாரிசு

கிபி 2இல் லூசியசும் கிபி 4இல் கையசும் இறந்தனர். கிபி 4 ஜூன் மாதத்தில் அகஸ்டஸ் டைபீரியஸைத் தத்தெடுத்தார். அப்போது டைபீரியஸுக்கு 44 வயது. தமக்கு மகன் இருந்தும், தம்பியின் மகன் ஜெர்மானிக்கசைத் தாமும் தத்தெடுக்க வேண்டும் என்ற நிபந்தனையை அவர் ஏற்க வேண்டியிருந்தது.

கிபி 6 முதல் 9 வரை பன்னோனியாவிலும் டால்மேசியாவிலும் எழுந்த பெருங்கிளர்ச்சியை டைபீரியஸ் அடக்கினார். கிபி 9இல் டியூட்டோபர்க் காட்டில் வாருஸ் தலைமையிலான மூன்று படையணிகள் ஜெர்மானியரால் அழிக்கப்பட்டபோது, ரைன் எல்லையைக் காக்கும் பொறுப்பும் இவரிடமே வந்தது. கிபி 12இல் வெற்றி ஊர்வலம் நடத்தினார். கிபி 13-14இல் லுக்டூனத்தில் வெளியான தெனாரியங்களின் முகப்பில் அகஸ்டஸின் தலையும், பின்புறத்தில் முடி சூடாத டைபீரியஸின் தலையும் காணப்படுகின்றன. பெயருடன் கூடிய இவரது உருவம் நாணயத்தில் இடம்பெற்றபோது இவருக்கு ஐம்பது வயது கடந்திருந்தது.

பேரரசர்

கிபி 14 ஆகஸ்ட் 19இல் அகஸ்டஸ் இறந்தார். டைபீரியஸ் ஆட்சிப் பொறுப்பை ஏற்பதில் தயக்கம் காட்டினார். அது உண்மையான தயக்கமா நடிப்பா என்பது அன்றே விவாதத்துக்கு உள்ளானது.

புதிய ஆட்சி எதிர்கொண்ட முதல் நெருக்கடி தெனாரியத்துடன் தொடர்புடையது. படைவீரன் ஒருவனின் சம்பளம் நாளொன்றுக்கு 10 ஆஸ், அதாவது ஆண்டுக்கு 225 தெனாரியம் ஆகும். உடைக்கும் ஆயுதங்களுக்குமான செலவு அதிலிருந்தே கழிக்கப்பட்டது. பன்னோனியாவிலும் ரைன் எல்லையிலும் இருந்த படையணிகள், நாளொன்றுக்கு ஒரு முழுத் தெனாரியம் வேண்டும் எனவும், பணிக்காலம் 16 ஆண்டுகளாகக் குறைக்கப்பட வேண்டும் எனவும் கோரிக் கலகம் செய்தன. பன்னோனியாவுக்கு மகன் துரூசசை டைபீரியஸ் அனுப்பினார். ரைன் பகுதியில் ஜெர்மானிக்கஸ் கலகத்தைத் தணித்தார். நாளொன்றுக்கு ஒரு தெனாரியம் என்ற கோரிக்கை நிறைவேறவில்லை. பணிக்காலக் குறைப்பு குறித்து அளிக்கப்பட்ட சலுகையும் அடுத்த ஆண்டே திரும்பப் பெறப்பட்டது.

நிதி நிருவாகத்தில் டைபீரியஸ் சிக்கனமும் கவனமும் உடையவராக இருந்தார். விதித்ததைவிட மிகுதியாக வரி திரட்டி அனுப்பிய எகிப்து ஆளுநரைக் கண்டித்தார். கிபி 17இல் சிறிய ஆசியாவில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் 12 நகரங்கள் பாழடைந்தபோது, மிகவும் பாதிக்கப்பட்ட சார்டிஸ் நகருக்கு 1 கோடி செஸ்டர்ஸ் அளித்ததுடன் ஐந்தாண்டு வரியையும் தள்ளுபடி செய்தார். இவ்வுதவி கிபி 22-23இல் வெளியான பித்தளைச் செஸ்டர்ஸ் நாணயங்களில் குறிக்கப்பட்டுள்ளது. நாட்டின் தந்தை என்னும் பட்டத்தை ஏற்க மறுத்தார். தம் அனுமதியின்றித் தமக்குச் சிலை வைப்பதைத் தடை செய்தார். கிபி 25இல் ஸ்பெயின் மக்கள் தமக்குக் கோயில் எழுப்ப அனுமதி கேட்டபோதும் மறுத்துவிட்டார்.

தலைமைப் பூசகர் நாணயம்

டைபீரியஸ் கிபி 15 மார்ச் மாதத்தில் தலைமைப் பூசகர் ஆனார். ஆட்சியின் தொடக்கத்தில் வெளியான சில தெனாரியங்களில், நான்கு குதிரைகள் பூட்டிய தேரில் பேரரசர் செல்லும் காட்சி இருந்தது. அதன் பின்னர் ஆட்சி முடியும் வரை ஏறத்தாழ ஒரே வகைத் தெனாரியமே தொடர்ந்து வெளியிடப்பட்டது.

அதன் முகப்பில் லாரல் இலை முடி அணிந்து வலப்பக்கம் நோக்கும் டைபீரியஸின் தலை உள்ளது. அதனைச் சுற்றியுள்ள எழுத்துகள், தெய்வமான அகஸ்டஸின் மகன் என இவரை அறிவிக்கின்றன. பின்புறத்தில் நாற்காலியில் அமர்ந்த பெண் ஒருவர், ஒரு கையில் செங்கோலும் மறு கையில் ஒலிவக் கிளையும் ஏந்தியுள்ளார். இருபுறமும் தலைமைப் பூசகர் என்னும் பட்டம் சுருக்கமாகப் பொறிக்கப்பட்டுள்ளது. இப்பெண் அமைதித் தெய்வம் எனவும், அத்தெய்வத்தின் வடிவில் லிவியா எனவும் இரு கருத்துகள் உண்டு. நாற்காலிக் கால்களின் அலங்காரத்திலும் அதன் கீழுள்ள கோடுகளிலும் காணப்படும் சிறு வேறுபாடுகளைக் கொண்டே நாணயவியலாளர்கள் இவ்வகையைக் காலவரிசைப்படுத்துகின்றனர்.

இந்நாணயம் ஏறத்தாழ 3.7 கிராம் எடையும், நூற்றுக்கு 95 பங்கிற்கும் மேற்பட்ட தூய வெள்ளியும் கொண்டது. வெள்ளித் துண்டை இரு அச்சுகளுக்கு இடையில் வைத்துச் சம்மட்டியால் அடித்து உருவாக்கினர். ஒவ்வொன்றும் கையால் அடிக்கப்பட்டதால் எழுத்துகள் விளிம்பில் வெட்டுப்பட்டும், உருவம் நடுவிலிருந்து விலகியும் காணப்படுவது இயல்பு.

அகஸ்டஸின் காலத்தில் நாணய உருவங்கள் அடிக்கடி மாறின. வெற்றிகள், கட்டடங்கள், வாரிசுகள் என ஒவ்வொன்றும் அறிவிக்கப்பட்டது. டைபீரியஸின் வெள்ளியிலோ மகன்களின் உருவமோ போர்களின் செய்தியோ இல்லை. உருவத்தை மாற்றாதது, நாணயத்தின் மீதான நம்பிக்கையைக் காப்பதற்காகவே எனக் கருதுவோர் உண்டு. இந்த ஒரே வகை நாணயம் புழங்கிய காலத்தில்தான் இவரது குடும்பம் சிதைந்து போனது.

உருவமும் தண்டனையும்

தமக்குச் சிலை வேண்டாம் என்ற டைபீரியஸின் ஆட்சியில், பேரரசரின் உருவமே மக்களுக்கு அச்சம் தருவதாக மாறியது முரணாகும். பேரரசரின் மாண்பைக் குலைத்தல் என்னும் இராசத்துரோகக் குற்றம் நாளுக்கு நாள் விரிவடைந்தது. அகஸ்டஸின் உருவமுள்ள நாணயத்தையோ மோதிரத்தையோ கழிவறைக்கோ விலைமகளிர் இல்லத்துக்கோ எடுத்துச் செல்வதும் மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று எனச் சுவெட்டோனியஸ் கூறுகிறார். டைபீரியஸின் முகம் பொறித்த வெள்ளிக் காசைக் கையில் வைத்திருந்த அடிமையை அடித்ததற்காக எசமானர் ஒருவர் தண்டிக்கப்பட்டார் என்றொரு கதை, பிற்காலத்துக் கிரேக்க நூலொன்றில் உள்ளது. இவற்றில் மிகைப்படுத்தல் இருக்கலாம். ஆயினும் கூலியாகவும் வரியாகவும் எல்லோர் கைகளிலும் புழங்கிய ஒரு பொருளை மக்கள் எவ்வாறு நோக்கினர் என்பதை இவை காட்டுகின்றன.

இதே காலத்தில்தான் யூதேயாவில் பொந்தியு பிலாத்து ஆளுநராக இருந்தார். பேரரசருக்கு வரி செலுத்துவது முறையா என்று கேட்டவர்களிடம் இயேசு ஒரு தெனாரியத்தைக் காட்டச் சொல்லி, அதிலுள்ள உருவம் யாருடையது என்று வினவியதாக நற்செய்தி நூல்கள் கூறுகின்றன. அது டைபீரியஸின் தலைமைப் பூசகர் நாணயமே என மரபாகக் கொள்ளப்படுகிறது. எனினும் அக்காலத்தில் யூதேயாவில் இவ்வகை நாணயம் மிகுதியாகப் புழங்கியதற்குத் தொல்லியல் சான்றுகள் குறைவு என்பதால், ஆய்வாளர் சிலர் இதனை ஏற்பதில்லை.

செஜானசின் எழுச்சியும் வீழ்ச்சியும்

கிபி 19இல் ஜெர்மானிக்கஸ் அந்தியோக்கியாவில் இறந்தார். நஞ்சூட்டப்பட்டார் என்ற பேச்சு எழுந்தது. குற்றஞ்சாட்டப்பட்ட பீசோ விசாரணையின்போது தற்கொலை செய்துகொண்டார். கிபி 23இல் டைபீரியஸின் மகன் துரூசஸ் இறந்தார். இவ்விழப்புகளுக்குப் பின்னர், மெய்க்காவல் படைத்தலைவரான செஜானசின் செல்வாக்கு பெருகியது. ரோமெங்கும் சிதறியிருந்த மெய்க்காவல் படையினரை ஒரே முகாமில் திரட்டியவர் இவரே.

கிபி 26இல் டைபீரியஸ் ரோமை விட்டு நீங்கினார். அடுத்த ஆண்டு முதல் காப்ரி தீவில் தங்கினார். அதன் பின்னர் அவர் ரோம் நகருக்குள் நுழையவே இல்லை. கிபி 29இல் தாய் லிவியா இறந்தபோதும் ஈமச்சடங்குக்கு வரவில்லை. லிவியாவைத் தெய்வமாக அறிவிக்கும் செனட் சபையின் விருப்பத்தையும் மறுத்தார். நாணயத்தின் பின்புறத்துப் பெண் லிவியாவே எனில், மகன் மறுத்த சிறப்பைக் காசு தொடர்ந்து அளித்து வந்தது எனலாம்.

செஜானஸ் கிபி 31இல் டைபீரியஸுடன் இணைந்து கான்சல் பதவி வகித்தார். ஸ்பெயினின் பில்பிலிஸ் நகரம் வெளியிட்ட செப்புக் காசுகளில் இவரது பெயரும் பொறிக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 18இல் காப்ரியிலிருந்து வந்த மடல் செனட் சபையில் படிக்கப்பட்டது. மடலின் முடிவில் செஜானசைக் கைது செய்யும் ஆணை இருந்தது. அன்றே அவர் கொல்லப்பட்டார். பில்பிலிஸ் காசுகள் சிலவற்றில் அவரது பெயர் பின்னர் செதுக்கி அழிக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். செஜானசின் நண்பர்களும் பிள்ளைகளும் கொல்லப்பட்டனர். ஜெர்மானிக்கசின் மனைவி அக்ரிப்பினாவும் அவர்களது இரு மகன்களும் சிறையிலோ நாடு கடத்தப்பட்ட நிலையிலோ இறந்தனர். விப்சானியாவைப் பின்னர் மணந்த அசினியஸ் கல்லசும் கிபி 33இல் காவலில் பட்டினியால் இறந்தார்.

கிபி 33 பண நெருக்கடி

கிபி 33இல் ரோமில் கடும் பணத்தட்டுப்பாடு ஏற்பட்டது. வட்டித் தொழில் குறித்த பழைய சட்டம் ஒன்று மீண்டும் நடைமுறைக்கு வந்ததால், கடன் கொடுத்தவர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் பணத்தைத் திரும்பக் கேட்டனர். கடனாளிகள் நிலங்களை விற்க முற்பட்டதால் நிலத்தின் விலை சரிந்தது. தண்டிக்கப்பட்டோரின் சொத்துகள் விற்கப்பட்டு, அப்பணம் கருவூலத்தில் முடங்கியிருந்ததும் ஒரு காரணம் என டாசிட்டஸ் குறிப்பிடுகிறார்.

டைபீரியஸ் 10 கோடி செஸ்டர்ஸ் பணத்தை மூன்று ஆண்டுகளுக்கு வட்டியின்றிக் கடனாக வழங்கினார். கடன் தொகையைப் போல் இரு மடங்கு மதிப்புள்ள நிலம் ஈடாகக் கோரப்பட்டது. இது 2.5 கோடி தெனாரியத்துக்குச் சமம். முழுவதையும் வெள்ளியாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 90 டன் ஆகும். நெருக்கடி தணிந்தது. ஆட்சியாளர் ஒருவர் பொதுப் பணத்தைக் கொண்டு கடன் சந்தையைக் காத்த பழமையான நிகழ்வுகளுள் ஒன்றாகப் பொருளியல் வரலாற்றாசிரியர்கள் இதனைக் குறிப்பிடுவர்.

இறப்பு

டைபீரியஸ் கிபி 37 மார்ச் 16இல் மிசேனம் என்னுமிடத்தில் தமது 77ஆவது வயதில் இறந்தார். மூச்சுத் திணறடித்துக் கொல்லப்பட்டார் என்ற செய்தியை டாசிட்டஸ் பதிவு செய்துள்ளார். உடலைத் டைபர் ஆற்றில் எறிய வேண்டும் என ரோம மக்கள் கூவியதாகக் கூறப்படுகிறது. அகஸ்டஸைப் போல் இவர் தெய்வமாக அறிவிக்கப்படவில்லை. கருவூலத்தில் இவர் விட்டுச்சென்றது 270 கோடி செஸ்டர்ஸ் எனச் சுவெட்டோனியஸ் குறிப்பிடுகிறார். அடுத்து வந்த காலிகுலா அதனை ஓராண்டுக்குள் செலவழித்தார் எனவும் அவர் எழுதியுள்ளார்.

இந்தியாவில் டைபீரியஸ் நாணயங்கள்

கிபி 22இல் ஆடம்பரச் செலவைக் கட்டுப்படுத்தப் புதிய சட்டம் வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, டைபீரியஸ் செனட் சபைக்கு ஒரு மடல் எழுதினார். பெண்கள் அணியும் மணிகளுக்காக ரோமின் பணம் அயல்நாடுகளுக்கும் பகை நாடுகளுக்கும் செல்கிறது என்ற கவலை அதில் காணப்படுகிறது. எனினும் சட்டத்தால் இதனைத் தடுக்க இயலாது எனவும் அவர் கருதினார்.

அவர் அஞ்சியது போன்றே நடந்ததற்குத் தென்னிந்தியப் புதையல்கள் சான்றாகின்றன. இங்கு கிடைத்த ரோம வெள்ளி நாணயங்களில் பெரும்பாலானவை இரண்டே வகையைச் சேர்ந்தவை. ஒன்று அகஸ்டஸின் கையஸ்-லூசியஸ் நாணயம். மற்றொன்று டைபீரியஸின் தலைமைப் பூசகர் நாணயம். கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842இல் கிடைத்த புதையலில் 500க்கும் மேற்பட்ட தெனாரியங்கள் இருந்தன. மேற்குக் கடற்கரையின் முசிறித் துறைமுகத்தையும் உள்நாட்டையும் இணைக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியில் கொங்கு நாடு அமைந்துள்ளது. இப்பகுதியின் படியூரில் பச்சைக்கல் வெட்டி எடுக்கப்பட்டது. யவனரின் மரக்கலங்கள் பொன்னுடன் வந்து மிளகுடன் திரும்பியதை அகநானூற்றின் 149ஆம் பாடல் குறிப்பிடுகிறது.

இந்நாணயங்கள் அனைத்தும் டைபீரியஸின் ஆட்சிக் காலத்திலேயே இந்தியாவுக்கு வந்தவை எனக் கொள்ள முடியாது. கிபி 64இல் நீரோ தெனாரியத்தின் எடையையும் தூய்மையையும் குறைத்தார். அதன் பின்னரும் பழைய நல்ல நாணயங்களையே வணிகர் தேர்ந்தெடுத்து அனுப்பியிருக்கலாம். கிபி 107இல் டிராஜன் பழைய நாணயங்களை உருக்க ஆணையிட்டார். இவ்வாறு பேரரசுக்குள் உருக்கப்பட்டவற்றுள் பல இந்திய மண்ணில் பானைகளுக்குள் தப்பிப் பிழைத்தன.

ரோமில் பேரரசரின் உருவத்துக்கு இருந்த அச்சம் இங்கு இருக்கவில்லை. புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த 501 ரோமப் பொற்காசுகளுள் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டப்பட்டுள்ளது. உலோகத்தைச் சோதிக்கவோ, மீண்டும் நாணயமாகப் புழங்காமல் தடுக்கவோ இவ்வாறு செய்திருக்கலாம் என்பர். மறுபுறம், டைபீரியஸின் தெனாரியத்தைப் பார்த்து உள்நாட்டில் செய்யப்பட்ட போலி வடிவங்களும் கிடைத்துள்ளன. இலத்தீன் அறியாதவர்கள் செய்தமையால் அவற்றில் எழுத்துகள் வெறும் கோடுகளாகத் தோன்றுகின்றன. மாக்கோதை எனத் தமிழி எழுத்தில் பெயர் பொறித்த சேரர் வெள்ளி நாணயத்தில் உள்ள தலையுருவம், ரோம நாணயங்களின் தாக்கத்தால் எழுந்தது என நாணயவியலாளர் கருதுகின்றனர்.

மதிப்பீடு

டைபீரியஸின் கீழ்ப் போர்புரிந்த வெல்லெயஸ் பட்டெர்குலஸ் இவரைப் பெரிதும் புகழ்ந்து எழுதினார். செனட் உறுப்பினரான டாசிட்டஸ், தம் வகுப்பினர் அடைந்த துன்பங்களை மனதிற்கொண்டு இவரை இருண்ட நிறத்தில் வரைந்தார். பிற்காலத்தில் டாசிட்டஸின் கருத்தே நிலைத்தது. இக்கால ஆய்வாளர்கள் இவரது நிருவாகத் திறனையும், எல்லைகளை விரிக்காமல் காத்த முன்மதியையும் ஏற்றுக்கொள்கின்றனர். எனினும் ஆட்சியின் இறுதிக் கால வழக்குகளும் கொலைகளும் மறுக்க இயலாதவை.

டைபீரியஸின் தெனாரியம் இவ்விரண்டில் எதையும் தீர்மானிப்பதில்லை. அதிலுள்ள முகத்தில் முதுமையோ துயரமோ தெரிவதில்லை. அது மெய்ப்பிப்பது ஒன்றே: 23 ஆண்டுகளில் அதன் வெள்ளி குறைக்கப்படவில்லை. கிபி 3ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரோமின் வெள்ளி நாணயம் பெரும்பாலும் செம்பாகவே மாறிப்போனதை நோக்கினால் இதன் பெறுமதி விளங்கும். ரோமர்கள் வெறுத்த இம்மன்னரின் காசைத் தொலைதூர நாட்டு வணிகர்கள் நம்பிப் பெற்றுக்கொண்டதற்கு, அதிலிருந்த முகத்தைவிட இந்த வெள்ளியே காரணமாக இருந்தது.